நாற்பதாவது பீப்பாயும் பன்னிரண்டாவது சீட்டும்

அத்தியாயம் 6

ஒரு மனிதனின் மானத்துக்கு விலை நூற்று எண்பது. நாவலின் பின்னட்டைக் கீழ்மூலையில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். மூன்று பிரதி சேர்த்து வாங்கினால் பத்து சதவீதம் தள்ளுபடி என்று ஒட்டுச்சீட்டு வேறு.

"மலிவுதான் அண்ணி," என்றான் கொழுந்தன். அவன் முன்னட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். விலங்கு மாட்டிய சிப்பாய், பக்கத்தில் கறுப்பு கோட்டுப் போட்ட வக்கீல் பெண். "கோர்ட்டுக்குள்ள அவ தலைமுடி எப்படிப் பறக்குது பாருங்க. அந்தக் காத்துக்கே நூத்தி எண்பது கொடுக்கலாம்."

அண்ணி சிரிக்கவில்லை. நாலு நாள் அலைந்த முழங்கால் அவளைச் சிரிக்க விடவில்லை.

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபத்தாறு வருடம், தானாகத் தீப்பிடித்த கடைகளையும் தானாகத் தொலைந்த நகைகளையும் விசாரித்து ஓய்வு பெற்றவள் அவள். அவள் புருஷன் துப்பறியும் நிலையம் என்று ஒரு போர்டு எழுதி மாட்டினார்; மாட்டின மூன்றாம் மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார். போர்டும் தம்பியும்தான் அவளுக்கு மிச்சம். தம்பி அவளை அண்ணி என்று கூப்பிட, வந்த கட்சிக்காரர்களும் அண்ணி என்றே கூப்பிட, இப்போது தெருவுக்கே அவள் அண்ணி.

எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்திருந்தாள். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"எழுத்தாளரைப் பார்த்தீங்களா அண்ணி?"

"பார்த்தோம். அந்த முகாம்ல குமாஸ்தாவா இருந்தவர். உங்கப்பா கேஸை கேன்டீன்ல காதால கேட்டு, மீதியைக் கையால எழுதியிருக்கார். கோர்ட் அறைக்குள்ள கால் வச்சதே இல்லையாம்."

"அவருக்குத் தெரிஞ்சதெல்லாம் அந்த வக்கீல் பொண்ணு மட்டும்தான்," என்றான் கொழுந்தன். "அவளும் கற்பனை."

பெண்ணின் அப்பா ராணுவத்தில் ஸ்டோர் பொறுப்பாளராக இருந்தவர். நாற்பது பீப்பாய் டீசலை வெளியே விற்றார் என்று இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ராணுவக் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. இரண்டு வருடம் சிறை; வேலையும் போயிற்று. மூன்று முறை மறுபரிசீலனை கேட்டார். 'புதிய ஆதாரம் இல்லை' என்று மூன்று முறையும் ஒரே காகிதம் வந்தது. தேதி மட்டும் வேறு. இந்த வெள்ளிக்கிழமை மாலை நாலு மணியோடு கோப்பை நிரந்தரமாக மூடிவிடுவார்கள். இன்றைக்குப் புதன்.

"அப்பாவுக்கு இந்த நாவல் வந்ததே தெரியாது," என்றாள் பெண். "நானும் எட்டு மாசமா மறைச்சுட்டு வர்றேன். தெருவுல நாலு பேர் படிச்சுட்டு ஒரு மாதிரி பார்க்கிறாங்க. அவர் வெளியில போறதைக் குறைச்சுட்டார். கேட்டா கால் வலிங்கிறார். அவருக்குத் தெரியறதுக்குள்ள மனுவுக்கு ஒரு பதில் வாங்கிடணும்."

மருந்து பில்லின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்ததை எடுத்து மேஜைமேல் வைத்தாள். வாடகை நூலகத்தில் இந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, மற்ற வாசகர்களின் கருத்துச் சீட்டுகளில் அவள் கண்ணில் பட்ட பன்னிரண்டாவது சீட்டு அது.

'மூடிய அறையில் தலைவர் முதலில் பேசுவதாக எழுதியிருக்கிறார். தவறு. அன்று அந்த அறையின் சுவர்க்கடிகாரம் நின்றுபோயிருந்தது. வெகுநேரம் யாரும் பேசாததால்தான் அது தெரிந்தது. டீசல் பேரேட்டில் பதினேழாவது தாள் மட்டும் புது வெள்ளை. அதையும் எழுத்தாளர் பார்க்கவில்லை.'

"இதை எழுதினவர் அங்க இருந்திருக்கார்," என்றாள் பெண். "அவர் வந்து ஒரு கையெழுத்துப் போட்டா அதுதான் புதிய ஆதாரம். எனக்கு அந்த ஆள் வேணும் அண்ணி."

அண்ணி எழுந்தாள். முழங்கால் ஒரு நொடி தாமதித்து எழுந்தது.

*

நூலகம் தையல் மெஷின் உதிரிபாகக் கடைக்கு மேலே இருந்தது. பதினாறு படி. ஒவ்வொன்றும் முந்தினதைவிட உயரம் என்று அண்ணிக்குத் தோன்றியது.

உள்ளே எல்லாப் புத்தகங்களுக்கும் பழுப்பு அட்டை போட்டு, முதுகில் எண் ஒட்டி, உயரவாரியாக நிறுத்தியிருந்தார்கள்.

"சத்தமாத் தும்மினா எல்லாம் சல்யூட் அடிச்சுடும் போல," என்று முணுமுணுத்தான் கொழுந்தன்.

நூலகக்காரருக்கு ஐம்பதைத் தொடும் வயது. விரல் நுனியெல்லாம் பசை. வந்த விஷயத்தை அண்ணி சொல்ல வாயெடுத்தாள்.

"ஒரு நிமிஷம்மா, தப்பா நினைக்காதீங்க." அவர் கொழுந்தன் பக்கம் திரும்பினார். "நீங்கதானே இளையவர்? புத்தகம் எப்படி இருந்துச்சு, நீங்க முதல்ல சொல்லுங்க. பெரியவங்க சொல்லிட்டா சின்னவங்க வாயிலயும் அதேதான் வரும். இங்க அப்படி ஒரு பழக்கம்."

"நாப்பத்தாறு வயசுல என்னை இளையவர்னு சொன்ன முதல் கடை இதுதான் சார். சந்தா எவ்வளவு?"

பழக்கம் அதோடு நிற்கவில்லை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பவர் தன் கருத்தை ஒரு சீட்டில் எழுதி, எண்ணும் தேதியும் போட்டு, பின்னட்டைப் பையில் போட வேண்டும். எழுதி முடித்த பிறகுதான் மற்றவர்கள் எழுதியதைப் படிக்கலாம். பெயர் போடுவதில்லை.

"பன்னிரண்டாவது சீட்டை எழுதினவரைத் தேடறோம்," என்றாள் அண்ணி.

"பேர் இருக்காதேம்மா," என்று சொல்லிவிட்டு, பையையும் வாடகைப் பதிவேட்டையும் அவள் முன்னால் வைத்தார். திரும்பிப் போய் ஏதோ ஒரு நாவலின் முதுகுக்குப் பசை தடவ ஆரம்பித்தார்.

இருவரும் சீட்டுகளைப் பிரித்துக்கொண்டார்கள்.

"'வில்லன் யாரென்று நாற்பதாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. எழுத்தாளருக்கு எப்போது தெரியும் என்று பார்க்க மீதி முந்நூறு பக்கம் படித்தேன்,'" என்று வாசித்தான் கொழுந்தன். "இவரை நம்ம ஆபீஸ்ல சேர்த்துக்கலாம் அண்ணி. 'நூற்று எண்பது அதிகம், வாடகைக்குப் படித்ததால் பிழைத்தேன்.' 'கோர்ட் காட்சி அதிகம், காதல் குறைவு, மாற்றிப் போட்டிருக்கலாம்.' 'டீசல் திருடனுக்கு இரண்டு வருடம் போதாது.' 'போதாது.' 'தண்டனை சரி.' 'தூக்கில் போட்டிருக்க வேண்டும்.' அடேங்கப்பா, டீசலுக்குத் தூக்காம். இவர் வண்டி பெட்ரோல்ல ஓடுது போல."

அண்ணி சீட்டுகளைப் புரட்டிக்கொண்டே போனாள். பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து என்று சீட்டுகள் போயின. எழுத்து மாறியது, மை மாறியது, தீர்ப்பு மாறவில்லை. முகம் தெரியாத ஒருவனைப் பற்றி இத்தனை பேருக்கு இவ்வளவு நிச்சயம் எங்கிருந்து வருகிறது என்று நினைத்தபோது, படியேறின களைப்பு இப்போதுதான் வந்த மாதிரி இருந்தது.

பன்னிரண்டாவது சீட்டில் எழுத்துகள் கரும்பலகையில் எழுதினவை போல ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றன. யாருடைய கையெழுத்தும் இல்லாத எழுத்து.

"சீட்டு மொத்தம் எத்தனை தம்பி?"

"முப்பத்தெட்டு."

அவள் பதிவேட்டில் விரல் ஓட்டினாள். புத்தகம் வெளியே போனது முப்பத்தேழு முறை. மறுபடி எண்ணினாள். முப்பத்தேழுதான்.

"யாரோ ஆர்வக் கோளாறுல ரெண்டு எழுதியிருப்பார் அண்ணி. விட்டுத் தள்ளுங்க."

இன்னொன்றும் கண்ணில் பட்டது. உறுப்பினர் எண் 214, மருந்துக்கடைப் பெண்ணின் அட்டை, இரண்டு முறை பதிவாகியிருந்தது. தன் அப்பாவின் கதை, இரண்டு தடவை படித்திருப்பாள். அதையும் அண்ணி நோட்டில் குறித்துக்கொண்டாள்.

தொழில் என்ற கட்டத்தில் ராணுவம் என்று போட்டவர் ஒரே ஒருவர். 'மேஜர், ஓய்வு. டிரைவிங் ஸ்கூல்.'

*

மேஜர் வண்டியை நிறுத்தச் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். "மணிக்கணக்குல ஃபீஸ் வாங்கறேன். பேசணும்னா பின்னால ஏறுங்க."

ஏறினார்கள். ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தது ஒரு பல் டாக்டர். வண்டி மூன்று முறை குலுங்கி, நான்காவது முறை கிளம்பியது.

"கிளட்ச்சை மெதுவா விடுங்க டாக்டர். பல்லைப் பிடுங்கற மாதிரி பிடுங்காதீங்க." மேஜர் பின்பக்கம் திரும்பினார். "பன்னிரண்டாவது சீட்டா? நான் எழுதலை. 'அந்த வக்கீல் பொண்ணுக்கு அங்கே வேலையே இல்லை'ன்னு இருக்கே, அதுதான் நான். வேற கோர்ட்டுகள்ல ரெண்டு தடவை உட்கார்ந்திருக்கேன். இந்த கேஸ்ல நான் இல்லை."

அண்ணி மருந்து பில்லை நீட்டினாள். படித்த மேஜரின் முகம் மாறியது.

"இதை எழுதினவன் எழுதியிருக்கக் கூடாது."

"ஏன் சார்?"

"சாட்சி எல்லாம் முடிஞ்சதும் அறையை மூடிடுவாங்க. உள்ள அஞ்சு பேர், தீர்ப்புச் சொல்ற அதிகாரிங்க மட்டும். காவல்காரன் கிடையாது, டீ கொண்டு வர ஆள் கிடையாது. அங்க கடிகாரம் நின்னதை ஒருத்தன் பார்த்தான்னா, அவன் அந்த அஞ்சு பேர்ல ஒருத்தன். யார் என்ன ஓட்டுப் போட்டாங்கன்னு சாகற வரைக்கும் வெளியில சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணினவன். இடது பக்கம் டாக்டர், இடது. உங்க இடது."

வண்டி குப்பைத்தொட்டியை மயிரிழையில் தாண்டியது. கொழுந்தன் கண்ணை மூடிக்கொண்டான். "அண்ணி, எனக்கு ஏதாவது ஆனா பல்லு செட் மட்டும் இலவசமாக் கேட்டு வாங்கிடுங்க."

"தலைவர் முதல்ல பேசினது தவறுன்னு எழுதியிருக்காரே, அது?" என்றாள் அண்ணி.

"சரியாத்தான் எழுதியிருக்கான். பெரியவர் முதல்ல குற்றவாளின்னுட்டா கீழ இருக்கறவன் மாத்திச் சொல்வானா? அதனால அங்க எப்பவும் ஆகச் சின்ன அதிகாரிதான் முதல்ல சொல்லணும். தலைவர் கடைசி. வெளியில இருக்கறவங்களுக்கு இந்தப் பழக்கமே தெரியாது."

அண்ணி ஜன்னல் பக்கம் பார்த்தாள். சின்னவயதில் அவள் அப்பாவின் ஜவுளிக்கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து கற்ற பாடம் ஒன்று உண்டு. புடவையைப் பார்த்ததும் விலை கேட்பவள் சும்மா கேட்பவள். பார்த்துவிட்டு ஒன்றுமே கேட்காமல் போகிறாளே, அவளுக்கு அந்தப் புடவையைப் பற்றி ஏற்கெனவே எல்லாம் தெரியும்.

பன்னிரண்டாவது சீட்டு என்று சொன்னபோது, அதில் என்ன எழுதியிருக்கிறது, எதற்குத் தேடுகிறீர்கள் என்று ஒருவர் மட்டும் கேட்கவே இல்லை.

"வண்டியை நிறுத்துங்க," என்றாள்.

"அதைத்தான் டாக்டருக்கு இன்னும் சொல்லித் தரலை," என்றார் மேஜர்.

*

மறுபடி பதினாறு படி. நூலகக்காரர் சாயங்காலக் கூட்டத்தை அனுப்பிவிட்டு மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அண்ணி மூச்சு வாங்க உட்கார்ந்தாள். "உங்க பழக்கப்படியே செய்வோம். இளையவர் முதல்ல சொல்லட்டும். சொல்லு தம்பி."

கொழுந்தன் தொண்டையைச் செருமினான். "முப்பத்தேழு பேர் எடுத்துட்டுப் போயிருக்காங்க. முப்பத்தெட்டு பேர் எழுதியிருக்காங்க. வாடகைக்கு எடுக்காமலே இந்தப் புத்தகத்தைப் படிக்கக் கூடியவர் இங்க ஒருத்தர்தான் சார்."

துணி மேஜையில் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது.

"சின்னவங்களை முதல்ல பேச விடற பழக்கம் நல்ல பழக்கம்," என்றாள் அண்ணி. "எங்க கத்துக்கிட்டீங்கன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

அவர் துணியை மடித்து வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தபோது திடீரென்று பத்து வயது கூடின மாதிரி இருந்தது.

"அப்ப எனக்கு இருபத்தாறு வயசு," என்றார். "அஞ்சு பேர்ல கடைசி ஆள். பேரேடு தலைவர் கையில ஆரம்பிச்சு ஒவ்வொருத்தரா மாறி கடைசியா என்கிட்ட வந்துச்சு. வாங்கறதுக்கு யாரும் இல்லாததால கொஞ்ச நேரம் கையிலேயே வச்சிருந்தேன். மத்த தாளெல்லாம் பழுத்து, டீசல் கறையோட இருந்துச்சு. பதினேழாவது மட்டும் வெள்ளை வெளேர்னு. நாப்பது பீப்பாயும் அந்தத் தாள்லதான் இருந்துச்சு."

"அதை அங்க சொன்னீங்களா?"

"பார்க்கறதுல நான் கடைசி. பேசறதுல முதல்." அவர் பசை காய்ந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன ஓட்டுப் போட்டேன்னு சொல்ல மாட்டேன்மா. சத்தியம் பண்ணியிருக்கேன். முதல்ல பேசறவன் யாருக்கும் பயப்படக் கூடாதுன்னுதான் அந்த முறையை வச்சாங்க. முறை சரியாத்தான் இருந்துச்சு. ஆள்தான் சரியில்லை."

கொழுந்தன் பன்னிரண்டாவது சீட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தான்.

"அடுத்த வருஷமே வேலையை விட்டுட்டேன்," என்றார் நூலகக்காரர். "இந்தப் புத்தகம் வந்தப்ப தினம் ஒரு சீட்டா வந்துச்சு. திருடன், திருடன்னு. ஒவ்வொண்ணையும் நானே வாங்கி நானே பையில போட்டேன். ஒரு நாள் முடியலை. எழுதிட்டேன்."

"ஓட்டுக்குத்தானே சத்தியம்? தாளோட நிறத்துக்கு இல்லையே?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். இருபத்திரண்டு வருடமாக இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவரும் தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது.

"இல்லை," என்றார். "அதுக்கு இல்லை."

இரண்டு பக்கம் எழுதினார். பேரேட்டைத் தான் பார்த்தது, எந்த நாள், எத்தனையாவது தாள், என்ன நிறம். ஓட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. இந்த முறை எழுத்துகள் சேர்ந்து, சாய்ந்து, அவருடைய கையெழுத்தாகவே வந்தன. அடியில் அப்போதைய பதவியையும் படை எண்ணையும் போட்டுக் கையெழுத்திட்டார். கொழுந்தன் அதைக் குழந்தையை வாங்குவது போல இரு கையாலும் வாங்கினான்.

கீழே இறங்க எழுந்த அண்ணி, சீட்டுப் பையைப் பார்த்து மறுபடி உட்கார்ந்தாள். முப்பத்தெட்டில் ஒன்று இவருடையது. சரி. ஆனால் 214?

மருந்துக்கடைக்கு ஃபோன் போட்டாள். "ஒரு சந்தேகம்மா. புத்தகத்தை எத்தனை தடவை எடுத்தே?"

"ஒரே தடவைதான் அண்ணி. அதுவே தாங்கலை. ஏன்?"

"சும்மா. ஆள் கிடைச்சாச்சு. கையெழுத்தும் கிடைச்சாச்சு."

 மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. பிறகு யாரோ இருமல் மருந்து கேட்டார்கள். அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.

அண்ணி பதிவேட்டில் 214 இரண்டாவது முறை வந்த தேதியைப் பார்த்து, அன்றைய சீட்டை எடுத்தாள். இருபத்தாறாவது. மதியம் மற்றவற்றோடு கை தள்ளிவிட்ட சீட்டு. பெரிய, நடுங்கின எழுத்து.

'கதை விறுவிறுப்பு. தீர்ப்பைக் கேட்டதும் அவன் அழுதான் என்று போட்டிருக்கிறது. அவன் அழவில்லை. ஸ்டோர் சாவியை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று கேட்டான்.'

கொழுந்தன் தோளுக்கு மேலிருந்து படித்தான். 

சீட்டை அண்ணி நூலகக்காரர் பக்கம் நகர்த்தினாள். அவர் அதைக் கையில் எடுக்கவில்லை. மேஜைமேல் வைத்தபடியே இரண்டு முறை படித்தார்.

"மழைக்கோட்டோட ஒருத்தர் வந்தார்," என்றார் கடைசியில். "பொண்ணு அட்டைன்னு சொன்னார். எழுதறதுக்குப் பேனா இல்லைன்னார். நான்தான் கொடுத்தேன். முகத்தை நிமிர்ந்து பார்க்கலை." அவர் விரல் சாவி என்ற சொல்லுக்குக் கீழே போய் நின்றது. "அன்னிக்குக் கோர்ட்லயும் கேட்டார். சாவியை நீட்டிக்கிட்டே நின்னார். அஞ்சு பேரும் குனிஞ்சு காகிதத்தைப் பார்த்துட்டு இருந்தோம். யாரும் பதில் சொல்லலை."

*

ஸ்கூட்டர் கிளம்பவில்லை. கொழுந்தன் உதைத்துக்கொண்டே கேட்டான். "அவருக்கு நாவலைப் பத்தித் தெரியும்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லணுமா அண்ணி?"

"வேண்டாம். மகள் நோகக் கூடாதுன்னு அப்பா மறைக்கிறார். அப்பா நோகக் கூடாதுன்னு மகள் மறைக்கிறா. ரெண்டு பேரும் நல்லாத்தான் மறைக்கிறாங்க. நடுவுல நாம யாரு?"

"அந்த மனுஷன் மேல இன்னும் உட்கார்ந்தே இருக்கார். லைட்டைக்கூடப் போடலை."

"இருக்கட்டும். நாளைக்குக் காலையில மனுவைக் கொடுத்துடலாம். நீ வண்டியைப் பாரு."

அண்ணி உதிரிபாகக் கடையின் ஷட்டரில் சாய்ந்துகொண்டு நோட்டைத் திறந்தாள். ஒவ்வொரு வழக்கு முடிவிலும் கணக்குப் போட்டுப் பார்ப்பது கம்பெனி நாளிலிருந்து வந்த பழக்கம். தெருவிளக்கு வெளிச்சத்தில் எழுதினாள்.

தண்டனை சரி அல்லது போதாது என்றவை: முப்பத்தொன்று. கதையையும் கதாநாயகியையும் பற்றியே பேசியவை: நான்கு. விலை அதிகம் என்றது: ஒன்று. தாள் வெள்ளை என்றது: ஒன்று. அழவில்லை என்றது: ஒன்று. ஆக மொத்தம், முப்பத்தெட்டு.

கூட்டல் சரியாக வந்தது. கோடு போட்டு நோட்டை மூடப் போனவள், மறுபடி திறந்து கோட்டுக்குக் கீழே இன்னும் ஒரு வரி எழுதினாள்.

சாவியை யாரிடம் கொடுப்பது என்ற கேள்விக்குப் பதில்: பாக்கி.